திரையில் மட்டும் ஓடிய மோட்டார்

குருவுக்குச் சீடரைவிடப் பதினைந்து வயது குறைவு. அவர்கள் இருவரும் தங்களைக் குரு என்றோ சீடர் என்றோ சொல்லிக்கொண்டதில்லை. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த கூடத்தில் சனிக்கிழமைதோறும் கூடியவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள்.

கூடியவர்கள் அனைவரும் மென்பொருள் எழுதிப் பிழைத்தவர்கள். இப்போது வேலை தேடுபவர்கள். அந்த ஆண்டு நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. நேர்காணலுக்கு அழைப்பார்கள். இரண்டாம் சுற்று என்பார்கள். பிறகு, அந்த இடத்தையே ரத்து செய்துவிட்டோம் என்பார்கள். பௌசியா என்ற பெண் அவர்களுக்கு நேர்காணல் பயிற்சி கொடுத்துவந்தார். சந்தை அவ்வளவு மந்தமாக இருந்தபோதும் அவரிடம் வந்தவர்களில் சிலருக்கு வேலை கிடைத்திருந்தது.

ஆனி மாதத்தில் ஒருநாள் மருதாசலம் அந்தப் படிகளில் ஏறி வந்தார். ஒரே நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். ஒரு பிற்பகலில் அவருடைய பிரிவு முழுவதையும் கலைத்துவிட்டார்கள். பௌசியா கல்லூரி முடித்ததும் அதே நிறுவனத்தில், அவருக்குக் கீழேதான் பயிற்சிக்குச் சேர்ந்தார். அப்போது அவர் பௌசியாவை “அம்மிணி” என்றுதான் கூப்பிடுவார். இப்போது வாசலில் ஒரு கணம் தயங்கி நின்று, “மேடம்” என்றார்.

“அம்மிணின்னே கூப்பிடுங்கண்ணா,” என்றார் பௌசியா. “மேடம்னா நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.”

மருதாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அம்மிணி. மார்க்கெட் எப்பத் திரும்பும்?”

“எனக்குத் தெரியலைங்கண்ணா.”

மருதாசலத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. பேருந்து மாறி வந்தது இந்தப் பதிலைக் கேட்கவா என்று எண்ணினார். ஆனாலும் தன் நிலைமையைச் சொன்னார். மனைவியின் அண்ணன் நாச்சிமுத்து பொள்ளாச்சி சாலையில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். மேலாளர் வேலைக்கு வரச் சொல்கிறார். ஆடி முடியும்வரை அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார். ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் காத்திருக்கவும் மாட்டார். வீட்டில் மனைவி சாந்தாமணி அதில் குறை எதுவும் காணவில்லை. மண்டபமும் கௌரவமான தொழில்தான் என்கிறார்.

“அது நிசந்தான்,” என்றார் மருதாசலம். “போனா நல்லாத்தான் பாத்துக்குவாங்க. ஆனா அம்மிணி, ஒருக்கா அங்க போய் உக்காந்துட்டா, மறுபடி நான் ப்ரோகிராம் எழுத மாட்டேன். எனக்குத் தெரியும்.”

பௌசியா தலையசைத்தார். அன்று இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சி தொடங்கியது. மேசையின் ஒரு பக்கம் கேட்பவர், மறுபக்கம் பதில் சொல்பவர், சுற்றிலும் மற்றவர்கள். கேள்வி பாதியில் இருக்கும்போதே மருதாசலம் “தெரியும்” என்பார். பிறகு பேசத் தொடங்குவார். தெரிந்ததைப் பற்றி நன்றாகப் பேசினார். தெரியாததைப் பற்றி இன்னும் நன்றாகப் பேசினார். மூன்றாம் வாரத்துக்குள் கூடத்து இளைஞர்கள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால், “தெரியும்ணா வந்துட்டார்” என்று ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இடையிடையே உண்மையான நேர்காணல்களும் வந்தன. ஒவ்வொன்றும் முடிந்த பிறகு பௌசியா ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

“எங்கே தடுக்கிச்சுங்கண்ணா?”

“எங்கயும் தடுக்கலை. எல்லாம் நல்லாத்தான் போச்சு. மார்க்கெட்தான் சரியில்லை.”

“அப்ப நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்கண்ணா.”

அவ்வளவுதான். பௌசியா அடுத்தவரிடம் போய்விடுவார். அங்கே ஒரு பெண் தான் திணறியதைச் சொல்லிக் கண்கலங்குவாள். பௌசியா அவள் அருகே ஒரு மணிநேரம் உட்கார்ந்திருப்பார். இன்னொருவன், கேள்வியே புரியவில்லை என்பான்; அவனுக்காகக் கரும்பலகை நிரம்பும். மருதாசலம் சன்னலோரம் அமர்ந்து, கீழே பேக்கரியில் தேங்காய் பன் வாங்குபவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். எல்லோருக்கும் ஏதாவது சொல்லித்தருகிறாள், எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்றார். சாந்தாமணி பருப்பைக் கடைந்துகொண்டே, பயிற்சிக்கு வந்த காலத்தில் அந்தப் பெண்ணை என்ன பாடு படுத்தினீர்களோ, இப்போது அது திரும்பி வருகிறது என்றார்.

ஆடி பிறந்தது. நாச்சிமுத்து தொலைபேசியில் அழைத்தார். “மாப்பிள்ளை, துணிக்கடைக்காரங்களே தள்ளுபடி போர்டு மாட்டிட்டாங்க. நீங்க இன்னும் யோசிச்சுட்டே இருக்கீங்க.”

அந்தச் சனிக்கிழமை மருதாசலம் நேராகவே கேட்டார்.

“அம்மிணி, எனக்கு நேரம் குறைவா இருக்கு. என்கிட்ட என்ன குறைன்னு சொல்லுங்க.”

“நீங்க உங்க கையால எழுதின ப்ரோகிராம் ஒண்ணு காட்டுங்கண்ணா. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது.”

மருதாசலத்தின் முகம் மலர்ந்தது. நாச்சிமுத்துவின் மண்டபத்துக்காக எழுதிய முன்பதிவு நிரலைத் திறந்தார். வருடக்கணக்காக ஓடுகிறது என்றார். ஒருநாளும் நின்றதில்லை, ஒரு பிழைச் செய்தியும் திரையில் வந்ததில்லை என்றார்.

பௌசியா அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். மீண்டும் ஒருமுறை படித்தார். மேசையில் இருந்த தேநீர் ஆடை கட்டியது.

“இதை ஒரு நகல் எடுத்துக்கட்டுங்களா? அதுல சிலதை எடுத்துப் பார்க்கணும்.”

“தாராளமா.”

பௌசியா எதையும் புதிதாக எழுதவில்லை. அங்கங்கே சில வரிகளை அழித்துக்கொண்டே போனார். பிறகு கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

“இப்ப ஓட்டுங்கண்ணா.”

மருதாசலம் ஓட்டினார். முதல் பதிவு நன்றாகப் போனது. இரண்டாவதில் திரை முழுவதும் சிவப்பு எழுத்து. நிரல் நின்றுவிட்டது.

மருதாசலம் அழிக்கப்பட்ட வரிகள் எவை என்று பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒரு நிரல் ஓடும்போது எங்காவது தடுமாறினால், இன்ன இடத்தில் இன்ன காரணத்தால் தடுமாறினேன் என்று ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுபோகும். அது அதன் இயல்பு. மருதாசலம் அப்படி நிற்க விடவில்லை. தடுமாற்றம் எங்கே வந்தாலும் அதைப் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் விழுங்கிவிட்டு மேலே போகும்படி எழுதியிருந்தார். பௌசியா அழித்தவை அந்த விழுங்கும் வரிகள்.

“ஓடிட்டிருந்ததைக் கெடுத்துட்டீங்களே அம்மிணி.”

“நான் எதையும் சேர்க்கலைங்கண்ணா.”

“பிழையை அமுக்கலைன்னா பயன்படுத்தறவங்க பயந்துருவாங்க. அதுக்குத்தான் அந்த வரிகள். இதெல்லாம் எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும்ங்கண்ணா. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே.”

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். பௌசியா சிரிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. அந்தப் பழைய நிறுவனத்தில், வாடிக்கையாளரின் திரையில் சிவப்பு எழுத்து வந்தால், திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். ஆகவே யாருடைய திரையிலும் சிவப்பு வராமல் பார்த்துக்கொண்டார்கள். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே மருதாசலம் அந்த வரிகளைக் கற்றுக்கொடுப்பார்.

அவர் கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இனி இங்கே வருவதில்லை என்று பேருந்தில் உட்கார்ந்து தீர்மானித்தார்.

ஆனால் அந்தச் சிவப்புச் செய்தி நிரலின் ஒரு வரியைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தது. மருதாசலம் நிரல் எழுதுகிறவர். சொல்லப்பட்ட வரியைப் போய்ப் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை. மறுநாள் காலை, குளிக்காமல்கூட, அதைத் திறந்து உட்கார்ந்தார்.

கல்யாணத்துக்கு மண்டபம் எடுப்பவர்கள் முதல் நாள் மாலை வரவேற்பையும் மறுநாள் காலை முகூர்த்தத்தையும் சேர்த்தே பதிவு செய்வார்கள். கோயிலில் தாலி கட்டிவிட்டு வரவேற்பை மட்டும் மண்டபத்தில் வைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முகூர்த்த நேரம் என்று ஒன்று இல்லை. அந்த இடம் காலியாக இருந்தால் நிரல் தடுமாறியது. தடுமாறி, எதையும் சேமிக்காமல், தடுமாற்றத்தை விழுங்கிவிட்டு, “பதிவாகிவிட்டது, நன்றி” என்று திரையில் காட்டியது.

மருதாசலம் அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாச்சிமுத்துவை அழைத்தார். வரவேற்புக்கு மட்டும் மண்டபம் கேட்டவர்களால் ஏதாவது தகராறு வந்ததுண்டா என்று கேட்டார்.

“வராமயா,” என்றார் நாச்சிமுத்து. “அப்பப்ப ஒருத்தர் பத்திரிகை அடிச்சு எடுத்துட்டு வந்து நிப்பார். பதிவு பண்ணியாச்சும்பார். பாத்தா கம்ப்யூட்டர்ல இருக்காது. வேற ஆளுக்குக் கொடுத்திருப்போம். பொய் சொல்லாதீங்கன்னு திட்டி அனுப்பிருவோம். நீங்க எழுதின ப்ரோகிராம் தப்புச் சொல்லுமா மாப்பிள்ளை?”

மருதாசலம் திரையில் இருந்த அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

“தப்பு என்னோடது மச்சான்,” என்றார் மருதாசலம். “அவங்க யாரும் பொய் சொல்லலை.”

அதன் பிறகு அவர் நிரலை ஓட்டினார், அது விழுந்தது. விழுந்த இடத்தைச் சரிசெய்தார். அடுத்த இடத்தில் விழுந்தது. சாந்தாமணி வந்து எட்டிப் பார்த்து, திரையெல்லாம் இப்படிச் சிவந்து கிடக்கிறதே என்று கவலைப்பட்டார். சிவக்கட்டும் என்றார் மருதாசலம். அவருக்கே வியப்பாக இருந்தது: ஒவ்வொரு சிவப்பும் அவருக்கு ஒரு வழியைக் காட்டியது. பல மாதங்களாக இல்லாத பசி அன்று அவருக்கு எடுத்தது.

சனிக்கிழமை அவர் மீண்டும் படியேறினார். பௌசியா கேட்பதற்கு முன்பே பேசினார்.

“போன இன்டர்வியூல, மூணாவது கேள்வி எனக்குப் புரியவே இல்லை அம்மிணி. புரிஞ்ச மாதிரி அரை மணிநேரம் பேசினேன். அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டாங்க. நான் அதையும் பாத்தேன். பாக்காத மாதிரி இருந்துட்டேன்.”

பௌசியா தன் நாற்காலியை எடுத்துவந்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

“அந்தக் கேள்வி என்னங்கண்ணா?”

அன்று மதியச் சாப்பாட்டை இருவருமே மறந்துவிட்டார்கள். அடுத்து வந்த சனிக்கிழமைகளிலும் கரும்பலகை அவருக்காக நிரம்பியது. புதிதாக வந்திருந்த முறைகளில் பாதி அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. ஒவ்வொன்றையும் கேட்டார். கூடத்தில் இருந்தவர்களிலேயே சிறியவளிடமும் கேட்டார். இளைஞர்கள் அவருக்கு வைத்த பெயர் தானாகவே உதிர்ந்துபோனது.

ஆடியின் கடைசி வாரத்தில் ஓர் அழைப்பு வந்தது. கணபதியில் ஒரு சிறு நிறுவனம். விவசாயிகள் வீட்டில் இருந்தபடியே கிணற்று மோட்டாரைக் கைபேசியில் ஓட்டவும் நிறுத்தவும் மென்பொருள் செய்பவர்கள். இருந்தது ஓர் இடம். கேட்டவர்கள் ஏராளம். நாச்சிமுத்து, ஆவணி முதல் தேதி காலையில் சாவிக்கொத்தை யார் கையிலாவது கொடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். இதுதான் கடைசி என்பது மருதாசலத்துக்குத் தெரிந்தே இருந்தது.

நிறுவனத்தை நடத்திய ஜெயசீலி என்ற அம்மையார் அவரை ஓர் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே மேசைமேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு சிறு மோட்டார். அதிலிருந்து வெளியே நீண்ட ஒரு குழாய். பக்கத்தில் மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பெட்டி. மேசைக்குப் பின்னால் ஓர் இளம் பொறியாளன் அமர்ந்திருந்தான்.

ஜெயசீலி கைபேசியில் பொத்தானை அழுத்தினார். “மோட்டார் ஓடுகிறது” என்று திரையில் பச்சை எழுத்து வந்தது. தொட்டியில் ஓர் அசைவும் இல்லை.

“தோட்டத்திலயும் இப்படித்தான் நடக்குது,” என்றார் ஜெயசீலி. “எப்பவும் இல்லை, சில நாள். வீட்டில இருந்து அழுத்தறாங்க, ஓடுதுன்னு வருது, நிம்மதியாப் படுத்துக்கறாங்க. காலைல போய்ப் பாத்தா வாய்க்கால் காஞ்சு கிடக்குது. இது ஏன்னு நினைக்கறீங்க?”

மருதாசலத்தின் நாவில் காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. கைபேசிக் கோபுரம் தொலைவில் இருக்கலாம். மின்சாரம் ஏறி இறங்கலாம். சிம் அட்டை பழுதாகியிருக்கலாம். ஒவ்வொன்றைப் பற்றியும் அவரால் அழகாகப் பேச முடியும். வாயைத் திறந்தார்.

“தெரியலைங்க,” என்றார்.

பொறியாளன் பேனாவைக் கீழே வைத்தான்.

“தெரியலைங்க. ஆனா தேடலாம். மோட்டார் கிளம்பலைன்னா, அது உங்க ப்ரோகிராமுக்கு எந்த இடத்தில தெரியவரும்? அந்த இடத்தை எனக்குக் காட்ட முடியுங்களா?”

பொறியாளன் ஜெயசீலியைப் பார்த்தான். பிறகு தன் கணினியை மருதாசலத்தின் பக்கம் நகர்த்தினான். இருவரும் அருகருகே அமர்ந்து வரி வரியாகப் போனார்கள். புரியாத இடங்களில் மருதாசலம் நிறுத்திக் கேட்டார். அவனும் விளக்கினான், விளக்கும்போது இரண்டு இடங்களில் அவனே தடுமாறி, தனக்கும் அது சரியாகப் புரியவில்லை என்றான். அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது.

ஓரிடத்தில் மருதாசலம் நின்றார். நிரல் ஸ்டார்ட்டருக்கு உத்தரவை அனுப்பியது. அனுப்பிய கையோடு, பதிலுக்குக் காத்திராமல், “ஓடுகிறது” என்று எழுதிக்கொண்டது. ஸ்டார்ட்டர் மறுத்துச் சொன்ன பதில் திரும்பி வந்தபோது அதை வாங்கிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

“இந்த ஒரு வரியை எடுத்துட்டு, பதிலை அப்படியே திரைக்கு அனுப்பட்டுங்களா? பாக்கறதுக்கு நல்லா இருக்காது.”

“எடுங்க,” என்றார் ஜெயசீலி.

மருதாசலம் மாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். திரை சிவந்தது. “ஸ்டார்ட்டர் மறுத்தது. ஒரு முனையில் மின்சாரம் இல்லை.”

அந்த அறையில் அதைப்போல் அழகான வாக்கியத்தை யாரும் படித்ததில்லை. மூவரும் ஒரே நேரத்தில் மேசைக்கு அடியில் குனிந்தார்கள். மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரத்தில் ஒரு கம்பி, பிடிப்பு தளர்ந்து, தொட்டும் தொடாமலும் கிடந்தது. இதே ஊரில் எத்தனையோ தோட்டங்களில் மழைக்கும் காற்றுக்கும் தளர்வது அதே கம்பிதான். ஸ்டார்ட்டர் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பொறியாளன் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பியை முறுக்கினான். “நீங்களே அழுத்துங்க சார்,” என்றான்.

மருதாசலம் அழுத்தினார். தொட்டி உறுமியது. யாரும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருக்கவில்லை. தண்ணீர் பாய்ந்து வந்து பொறியாளனின் சட்டையை நனைத்து, சுவரில் மோதி, ஜெயசீலியின் புடவைக் கொசுவத்தில் தெறித்தது. ஒருவரும் விலகவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து அறையில் இருந்தவர்கள் ஓடிவந்து, நனைந்து நிற்கும் மூவரையும் ஓடுகிற மோட்டாரையும் பார்த்துக் கைதட்டினார்கள்.

ஜெயசீலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இதே கேள்வியை முன்னாடி வந்த எல்லார்கிட்டயும் கேட்டேன்,” என்றார். “ஆளுக்கு நாலு காரணம் சொல்லிட்டுப் போனாங்க. ஒருத்தரும் தேடலைங்க. நீங்க திங்கட்கிழமையே வந்துருங்க.”

மருதாசலம் வெளியே வந்து சாலையோரம் நின்றபடியே வீட்டுக்கு அழைத்தார். சாந்தாமணி முதலில் நம்பவில்லை; பிறகு, ஈரச் சட்டையோடு நிற்காதீர்கள், பேருந்து ஏறுங்கள் என்றார். அடுத்து நாச்சிமுத்துவை அழைத்தார். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, நல்லா இருங்க மாப்பிள்ளை என்று மனதார வாழ்த்தினார். “உங்க மக கல்யாணத்துக்கு மண்டபத்தை நானே தர்றேன்,” என்றார். “பதிவை மட்டும் நீங்க போடாதீங்க. நான் சொவத்தில கரியால எழுதிக்கறேன்.”

சனிக்கிழமை அவர் படியேறி வந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் மேசைகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். கீழே பேக்கரிக்காரர் என்னவோ ஏதோவென்று மேலே வந்து பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவரச் சொன்னார். மருதாசலத்தை நடுவில் நிறுத்தி, நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். தண்ணீர் பாய்ந்த இடத்தை இருமுறை சொல்லச் சொன்னார்கள். அதையும் சொன்னார். எப்போதும் கண்கலங்கும் அந்தப் பெண் இப்போது வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த வாரம் அவளுக்கு ஒரு நேர்காணல் இருந்தது; தண்ணீர்க் குழாயை நானே பிடித்துக்கொள்கிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிடப்போவதாகச் சொன்னாள்.

ஆரவாரம் அடங்கிய பிறகு மருதாசலம் பௌசியாவின் அருகே போய் அமர்ந்தார். தேநீரை ஊதிக் குடித்தார். கேட்கலாமா என்று யோசித்து, கேட்டுவிட்டார்.

“அம்மிணி, என் குறை என்னன்னு உங்களுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கும்.”

“தெரிஞ்சுதுங்கண்ணா.”

“அப்ப ஏன் இத்தனை சுத்து? அன்னைக்கே நேரா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஆனியிலேயே திருந்தியிருப்பேனே.”

“சொன்னேங்கண்ணா,” என்றார் பௌசியா. “நீங்க வந்த அன்னைக்கே, இதோ இந்த நாற்காலியில வெச்சு, நேராச் சொன்னேன்.”

மருதாசலம் நினைத்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

“அப்படியா? நான் என்ன சொன்னேன்?”

பௌசியா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“‘தெரியும் அம்மிணி’ன்னு சொன்னீங்க.”